போலீஸ் நிறுத்தினால் இறங்காதே

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் நியூஜெர்சியில் என் பிழைப்பு. தொண்ணூறுகளில் என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் நம் ஊர்ப் பெண்கள். அப்போது கற்க வந்த ரோடெல் பிலிப்பைன்ஸ்காரன். அமெரிக்காவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

அவன் மனைவி லூஸ் பார்சிப்பனி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்த வேலையை நம்பித்தான் குடும்பமே வந்திருந்தது. அங்கே பஸ் போகாது. கூட வேலை செய்யும் ஒருத்தியின் காரில் போய்வந்தாள். அந்தப் பெண்ணும் வேறு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். லூஸுக்கு ஸ்டியரிங்கைத் தொடவே பயம். ரோடெலுக்கு லைசென்ஸ் கிடைக்காவிட்டால் அவள் வேலை போய்விடும்.

ரோடெல் மணிலாவில் பல வருஷம் ஷேர் வண்டி ஓட்டியவன். ஸ்டியரிங்கில் நல்ல கை. ஆனால் ஸ்டாப் சைனில் நிற்க மாட்டான், ஹார்னை விட மாட்டான். திட்டியே இரண்டையும் ஒழித்தேன். "என் மாமியாரே தேவலை, மேடம்" என்பான். நாங்கள் பேசியது ஓட்டை இங்கிலீஷ். நம் பேச்சில் எழுதுகிறேன்.

டெஸ்டுக்கு முந்தின வாரம் அவனுடைய பழைய காரிலேயே பழகினோம். லூஸை வேலைக்கு விட்டுவிடலாம் என்று அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டோம். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவர்கள் மகளும் கூட வந்தாள். பாதி வழியில் பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது. எங்கள் காரின் பின்பக்க பல்பு ஒன்று எரியவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

ரோடெல் ஒழுங்காக ஓரம் கட்டினான். நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிட்டான். தொப்பியைக் கழற்றி, சிரித்துக்கொண்டே போலீஸ்காரனை நோக்கி நடந்தான். அவன் ஊரில் அதுதான் மரியாதை. மெட்ராஸில் மட்டும் என்ன வாழ்கிறது? சார்ஜென்ட் கை காட்டினால் நாமும் இறங்கித்தான் ஓடுவோம். நடந்துகொண்டே, பர்ஸிலிருந்த பழகுநர் பர்மிட்டை எடுக்கப் பின்பாக்கெட்டில் கையை விட்டான்.

போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டிவிட்டான்.

ரோடெலும் துப்பாக்கி எடுக்கிறான் என்று நினைத்துவிட்டான். அவன் கத்தியது ரோடெலுக்குப் புரியவில்லை. முகத்தில் அதே சிரிப்பு, கை பாக்கெட்டுக்குள். லூஸ் கதவைத் திறக்கப் போனாள். நான் பின்னால் திரும்பி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக, வகுப்பில் திட்டும் அதே குரலில் கத்தினேன்.

"ரோடெல், பர்ஸ் வேண்டாம். வெறுங்கையை மேல தூக்கு. ரெண்டு கையும்."

தூக்கினான். திட்டு வாங்கிப் பழகியவன், அதனால் தூக்கினான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

போலீஸ்காரன் சின்ன வயசுக்காரன். துப்பாக்கியை உறையில் வைத்தான். "உன்னைச் சுட்டிருப்பேன், தெரியுமா?" என்றான். பல்பை மாற்றச் சொன்னான். இந்த நாள் இனிதாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனான். அந்த வாழ்த்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ரோடெல் புல்லில் உட்கார்ந்துவிட்டான். இனி ஓட்ட மாட்டேன் என்றான். மகளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு லூஸ் இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள். அழவில்லை.

"நீ ஓட்டலைன்னா ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏறு."

ஏறினான். முதியோர் இல்லம் வரை ஓட்டினான். அடுத்த வாரம் டெஸ்டில் பாஸ்.

எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி மெட்ராஸ்காரர். போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்பதுதான் இனி முதல் வகுப்பு என்று அவரிடம் சொன்னேன். "டெஸ்ட்ல வராதத எதுக்குங்க சொல்லணும்? பயந்து வேற ஸ்கூலுக்கு ஓடிடுவாங்க" என்றார். ஓடட்டும், உயிரோடு ஓடட்டும் என்றேன்.

அன்றிலிருந்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருகிறேன். போலீஸ் நிறுத்தினால் இறங்காதே. இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். லைசென்ஸைக் கேட்ட பிறகு எடு. எடுப்பதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்.

வெஸ்ட் வின்ட்சரில் ஒரு கம்ப்யூட்டர் பையன் இதைக் கேட்டுச் சிரித்தான். "நான் என்ன திருடனா, ஆன்ட்டி?"

"துப்பாக்கிக்கு முன்னால நின்னவனும் திருடன் இல்லப்பா. கைய ஸ்டியரிங் மேல வை."