உதறாத பை

பினாங்கிலிருந்து சித்தப்பா எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. தேதி எழுதிய மூலையைப் பூச்சி அரித்துவிட்டது; தபால் முத்திரையில் 1958 என்பது மட்டும் தெளிவு. 'ஒவ்வொரு தடவை ஓட்டியதும் உள்ளிருக்கும் துணிப்பையைக் கழற்றி உதறிவிடவும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார்.

அவர் அனுப்பிய அந்தத் தூசி உறிஞ்சும் மிஷினுக்கு ஆலங்குடி வீட்டில் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் பையை மட்டும் யாரும் உதறவில்லை. அப்பா அதை ஓட்டுவது மாலையில், பார்க்க ஆள் வந்த பிறகுதான். விளக்கு வைத்தபின் வீட்டுக் குப்பையை வெளியே கொட்டக் கூடாது. விடிந்தால் முந்திரிக்கொட்டை வியாபாரத்துக்குப் போய்விடுவார். அம்மா ஞாபகப்படுத்தினால், "நீ கை வைக்காத, ஷாக் அடிச்சிரும். நான் பாத்துக்கிறேன்" என்பார். பார்த்ததேயில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங் போகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்பாவோ திருவரங்குளத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு முதல் மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிலம் நிறைய. அத்தையை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் வரவிருந்த அன்று காலை அம்மா, "ஏத்தா, அந்தப் பையை ஒதறிரு. ஒங்கண்ணன் சும்மா இருக்க மாட்டாரு, ஓட்டிக் காட்டுவாரு" என்றாள். அத்தை மிஷினைக் கொல்லைக்குத் தூக்கிப்போனாள். நானும் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் அதை வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்தாள். பிறகு பையைத் தொடாமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள்.

"ஒதறிட்டேன் மதினி."

அம்மா அதை வாங்கி மூலையில் வைத்தாள்.

மாலையில் வந்தவர்கள் கேசரி சாப்பிடும்போதே அப்பா ஜமக்காளத்தின்மேல் மிஷினை ஓட்டினார். அது உறிஞ்சவில்லை, முனகியது. ஓங்கித் தட்டினார். உள்ளே ஏதோ கிழிந்தது. பின்பக்கத் துவாரம் வழியாகப் பல மாதத் தூசி மாப்பிள்ளையின் தாயார் தலையில் கொட்டியது.

"மிஷினு நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் கூட வந்த ஒருவர். "அங்கிட்டுக் கெடந்ததை இங்கிட்டுக் கொண்டாந்திருச்சு."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "வாசல் மிதிச்ச அன்னிக்கே தலையில மண்ணு. எந்திரிடா, போவோம்."

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அப்பா அம்மாவிடம் பாய்ந்தார். "ஒரு பையை ஒதறத் துப்பில்ல! என் தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்திட்டியேடி!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உதற விடாதவர் அவர். உதறாதவள் அத்தை; தலை குனிந்து நிற்கிறாள். "அத்தைதான்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஆமாங்க, மறந்துட்டேன்" என்றாள்.

அப்பா சாகும்வரை ஒவ்வொரு விசேஷத்திலும் சபை நடுவே அதைச் சொல்லிக்காட்டினார். சோறு பரிமாறிக்கொண்டே அம்மா கேட்டுக்கொள்வாள். அதில் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. டீச்சராகிவிட்ட அத்தையோடு நான் வெகுகாலம் பேசவில்லை. செய்யாத தப்பை ஏற்றதற்காக அம்மாவிடமும் கோபம்தான்.

ஒன்றை மட்டும் வெகு தாமதமாக யோசித்தேன். நிறைந்த பைக்கும் உதறிய பைக்கும் கனம் வேறு. அன்று காலை மிஷினை அத்தை கையிலிருந்து வாங்கியபோது அம்மா அதை உடனே கீழே வைக்கவில்லை. ஒரு கணம் கையிலேயே வைத்திருந்தாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டதா? அம்மா சொல்லவில்லை. அத்தைக்கும் தெரியாதாம். இது இன்னும் உறுதிப்படவில்லை.