கீழேயிருந்து வந்த தண்ணீர்

தேயிலைச் செடியைச் சும்மா விட்டால் மரமாக வளரும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்கள் தோட்டத்திலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். பச்சை இலைக்கு விலை விழுந்து எழாமல் கிடந்த வருடங்கள் அவை. நீலகிரியில் எங்கள் மஞ்சூர்ப் பக்கம் பாதிப் பேர் இலை பறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். நான் வேலை பார்த்த ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடியது. மற்ற நாட்களில் நானும் மெஷினும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், இலை ஏற்றும் ஜீப் ஒன்று வைத்திருந்தார். ஏற்ற இலை இல்லாததால் அதன் பின்சீட்டுக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்து ஏழு குஞ்சு பொரித்தது. அந்த வருடம் அந்த ஜீப்பால் கண்ட ஒரே வரவு அதுதான்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் நான் போட்டோகிராபர் ஆவது என்று முடிவெடுத்தேன். ஊரைவிட்டுப் போன எஸ்டேட் அதிகாரி ஒருவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன கேமரா ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் காது குத்து, சடங்கு, செத்த வீடு என்று எதையும் விடாமல் எடுத்துத் தள்ளியிருந்தேன். மஞ்சூர் பஜாரில் இருந்த ஸ்டூடியோக்காரர் கல்யாண சீசனுக்கு ஒரு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகப் புரட்டினார்.

"எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ஒரு படத்துலகூட வெயில் இல்லீங்களே. கல்யாணமெல்லாம் இப்பக் கீழ காரமடை, மேட்டுப்பாளையம்னுதான் நடக்குது. வெயில்ல எடுக்க வருமுங்களா?"

"வெயில் என்னங்க, வெயில்!" என்றேன்.

மஞ்சூரில் பிறந்தவன் வெயிலைப் பற்றி அலட்சியமாகப் பேசுவது, கல்யாணமாகாதவன் மாமியாரைப் பற்றி அலட்சியமாகப் பேசுவதைப் போல. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஃபிலிம் ரோலை எடுத்து, அதன் டப்பியில் ஊசியால் ஒரு கீறல் போட்டு என் கையில் வைத்தார்.

"இந்த ஒரே ரோல். நல்ல வெயில்ல மனுசங்களை எடுத்துட்டு வாங்க. முப்பத்தாறுல ஆறு படம் தேறுச்சுன்னா, தை மாசத்துல இருந்து நம்மகிட்ட வந்துருங்க."

தேறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அதை நாங்கள் வீட்டில் பேசி முடித்திருந்தோம். பொங்கல் கழிந்ததும் திருப்பூர், பனியன் கம்பெனி. எங்கள் வரிசையில் மூன்று வீடுகள் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தன. என் மனைவிக்குத் திருப்பூர் என்ற பேச்சே ஆகாது. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எழுந்து வெளியே போய், கேட்பாரில்லாத இலையைப் பறிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஆறு படம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"வெயில் வேணும்னா கடலுக்குப் போகோணும் மாப்ளே," என்றார் மச்சான். கூடலூர் வழியாகக் கோழிக்கோட்டுக்குப் பல தடவை லோடு அடித்தவர். "ரெண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவோம். ஆசை தீர வெயில எடுங்க."

"நானும் வருவேன். நான் கடலே பாத்ததில்ல," என்றாள் மனைவி.

கோழியையும் குஞ்சுகளையும் குடிபெயர்த்தோம். இலை மூடுகிற தார்ப்பாய்தான் கூடாரம். நான்கு மூங்கில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், எங்கள் ஃபேக்டரி டீத்தூள், ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், மப்ளர், எனக்கு மட்டும் குரங்குக் குல்லா. கடற்கரைக்குக் குல்லா எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் குல்லா இல்லாமல் வெளியே போகிறவனைத்தான் எதற்கு என்று கேட்பார்கள்.

நாடுகாணியில் ஜீப்பை நிறுத்தினோம். மூடுபனிக்குள் மனைவியையும் மச்சானையும் நிற்கவைத்து, கை சும்மா இராமல் இரண்டு படம் எடுத்தேன். அதற்குப் பிறகு மலை இறங்க இறங்க நாங்களும் தோலுரித்துக்கொண்டே போனோம். வழிக்கடவில் ஸ்வெட்டர் போனது. நிலம்பூரில் மப்ளர். கோழிக்கோடு வருவதற்குள் மச்சான் பனியனோடு ஓட்டிக்கொண்டிருந்தார். வழியில் நான்கு கடையில் டீ குடித்தோம். நான்கிலும் மச்சான் கிளாஸைத் தூக்கிப் பார்த்து, "இலைக்குத்தான் விலை இல்ல, டீக்கு ஒண்ணும் குறையக் காணமே," என்று பொதுவாகச் சொன்னார். குடித்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

கோழிக்கோட்டுக்குத் தெற்கே, மீன்பிடிப் படகுகள் கிடந்த ஒரு கரையில் இறங்கினோம். கடலைப் பார்த்ததும் என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, குந்தா டேமைவிடப் பெருசுங்களா?"

"கொஞ்சம்," என்றேன்.

ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள். "இத்தனையும் உப்புத்தானா? ஆருக்கும் ஆகாத தண்ணிய எதுக்கு இம்புட்டு வச்சிருக்கறாங்க?"

கூடாரம் போடுவதில் நானும் மச்சானும் கெட்டிக்காரர்கள். சரிவில் கூடாரம் போட ஒரு முறை இருக்கிறது. வாசல் இறக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மேட்டுப் பக்கம் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும். மேலேயிருந்து வரும் மழைத் தண்ணீர் அதில் விழுந்து சுற்றிக்கொண்டு போய்விடும். அதே முறைப்படி மேட்டில், அதாவது ரோட்டுப் பக்கம், அழகான வாய்க்கால் வெட்டினோம். வாசல் இறக்கத்தைப் பார்த்து, அதாவது கடலைப் பார்த்து. படகுக்காரர் ஒருவர் வந்து நின்று பார்த்தார். இன்னும் மேலே ஏற்றிப் போடுங்கள், விடியற்காலையில் கடல் ஏறும் என்று மலையாளத்தில் சொன்னார். மச்சான் பெருமையோடு வாய்க்காலைக் காட்டினார். அவர் வாய்க்காலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி வாய்க்காலைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நம் வேலைத்திறமையில் மலைத்துவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அன்று மதியம் நான் எடுத்த எடுப்பு இருக்கிறதே! படுத்து எடுத்தேன், முழங்கால் போட்டு எடுத்தேன், படகின் மேல் ஏறி நின்று எடுத்தேன். மனைவி முதல் தடவை அலையில் கால் வைத்தபோது போட்ட கூச்சலை எடுத்தேன். மச்சான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகில் சாய்ந்து நின்றார்; அதை நான்கு கோணத்தில் எடுத்தேன். வெயிலோ கொட்டு கொட்டென்று கொட்டியது. ஆறு என்ன ஆறு, அறுபது தேறும் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது.

சாயங்காலம் ஸ்டவ்வில் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தோம். மனைவி கேமராவை மடியில் வைத்துத் துண்டால் மணலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இதுல கருப்பா டேப் ஒட்டியிருக்குதே, எதுக்குங்க?"

லென்ஸைச் சுற்றி ஒரு வளையம். அதில் மூன்று படம் போட்டிருக்கும்: முழுச் சூரியன், பாதிச் சூரியன், மேகம். எந்த வெளிச்சமோ அந்தப் படத்துக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும்; மேகத்தில் வைத்தால் லென்ஸ் அகலத் திறந்து வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும். மஞ்சூரில் நான் மேகத்தை விட்டு அசைந்ததே இல்லை. ஸ்வெட்டர்க் கை உரசி வளையம் திரும்பிவிடுகிறது என்று, மூன்று வருடங்களுக்கு முன்னால் மேகத்தில் நிறுத்தி இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். ஊரில் அதைப் பார்த்தவர்கள் என்னைப் புத்திசாலி என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். மணலில் சாய்ந்து கொட்டியது.

"அப்ப இன்னைக்கு எடுத்ததெல்லாம்?" என்றார் மச்சான்.

"வெளுத்திருக்கும்."

"எம்புட்டு வெளுத்திருக்கும்?"

"ஆள் இருக்கறது தெரிஞ்சாப் பெருசு."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "என்ற மூஞ்சி பொறந்ததுல இருந்து மொதத் தடவையா வெளுப்பா வரப்போகுதுங்கறீங்க. சந்தோசந்தான் மாப்ளே." பிறகு யோசித்துச் சொன்னார்: "டவுனுல புது ரோல் ஒண்ணு வாங்கிப் போட்டா ஆகாதா?"

"டப்பியில கீறல் போட்டுக் குடுத்திருக்கறாருண்ணா," என்று மனைவிதான் பதில் சொன்னாள். "இவுரைப் பாத்ததுமே அவுருக்குத் தெரிஞ்சிருக்குது."

எண்ணிப் பார்த்தோம். எட்டுப் படம் பாக்கி. அதில் ஆறு தேற வேண்டும். டேப்பை உரித்தேன். பசை பிசுபிசுத்த வளையத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு முழுச் சூரியனுக்குத் திருப்பினேன். காலை வெயிலில் எட்டையும் எப்படி எடுப்பது என்று படுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திட்டம் போட்டேன். முதல் படம், படகோரம் மனைவி, பக்கவாட்டில். இரண்டாவது, வலையோடு ஒரு மீனவர். மூன்றாவதில் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது, முதுகு நனைந்திருந்தது. மழை என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசல் வழியாக ஓர் அலை விருந்தாளி மாதிரி உள்ளே வந்து, என் இரண்டு செருப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே போனது. எங்கள் ஊரில் தண்ணீர் மேலேயிருந்துதான் வரும். கீழேயிருந்து ஏறி வரும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அந்தப் படகுக்காரர் சொன்னார். அவரிடம்தான் நாங்கள் வாய்க்காலைக் காட்டினோமே. திரும்பிப் பார்த்தேன். மேட்டில் வாய்க்கால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் ஜம்மென்று இருந்தது.

மனைவி முதலில் கேமராவைத்தான் எடுத்தாள். எடுத்துக்கொண்டு காலை வெயிலில் மேட்டுக்கு ஓடினாள். அதற்காக அவளைக் கும்பிடலாம் என்று நினைத்தபடி நான் மூங்கிலைக் கட்டிப்பிடித்தேன். தார்ப்பாய் மச்சானுக்குத் தாய் மாதிரி. அது கடலுக்குள் போகப் பார்த்தது. நான் குரங்குக் குல்லாவும் இடுப்பில் சுருட்டிய லுங்கியுமாக ஒரு முனையை இழுக்க, மச்சான் ஸ்டவ்வைத் துரத்திக்கொண்டு ஓட, அடுத்த அலை வந்து என்னை உட்காரவைத்தது. தார்ப்பாய் என் தலையில் முக்காடாக விழுந்தது. மேலேயிருந்து 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"எடுக்காதே! அடியே, எட்டுத்தான் இருக்குது!"

'கிளிக்.'

"என்ற பொழப்பு அதுல இருக்குது புள்ள!"

அவள் சிரித்த சிரிப்பிலும் கேமரா ஆடவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. மச்சானும் நானும் தார்ப்பாயைக் கரையேற்றி முடித்தபோது அவள் கேமராவை நீட்டினாள்.

"நகர மாட்டேங்குதுங்க. முடிஞ்சிருச்சாட்டம் இருக்குது."

"எட்டுமா?"

"சூரியப் படத்துலதான் வச்சிருந்தேன், பாத்துக்கங்க." இதைச் சமாதானமாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு நாள் தங்குவதாக இருந்தோம். தங்கினோம், எடுக்க ஃபிலிம் இல்லாததால் நான் கடலைக் கண்ணால் மட்டும் பார்த்தேன். திரும்பும்போது நிலம்பூர்வரை அவளோடு பேசவில்லை. நாடுகாணி ஏற்றத்தில் குளிர் வந்ததும் அவள் ஸ்வெட்டரை எடுத்து என் மடியில் போட்டு, "திருப்பூருல குளுரு இருக்காதாமுங்க," என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அதற்குமேல் எனக்குக் கோபப்பட வரவில்லை.

ஸ்டூடியோவுக்கு இருவரும்தான் போனோம். கழுவிப் பிரிண்ட் போட்டிருந்தவர், மேஜையில் இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்திருந்தார். பெரிய அடுக்கைத் தொடவே இல்லை. நாடுகாணிப் பனியில் எடுத்த இரண்டைத் தவிர, அதில் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்றில் மச்சானின் கறுப்புக் கண்ணாடி மட்டும் ஆளில்லாமல் மிதந்தது. சின்ன அடுக்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார்.

"இது பாருங்க. வெயிலை முதுகுப் பக்கம் வச்சு, ஆள் விழற நேரம் பாத்து அமுக்கியிருக்குது. இதும் அப்படித்தான். கைநடுக்கம் இல்ல. ஏழு தேறுதுங்க."

ஏழு! என் வாய் தானாகத் திறந்து, "ஏதோ பழக்கந்தானுங்க," என்றது.

அவர் ஒரு படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு படத்தை. "ஏனுங்க, குல்லா போட்டுட்டு தண்ணியில உக்காந்திருக்கறது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"இதுலயும் நீங்க. இதுலயும். அப்ப எடுத்தது ஆருங்க?"

தானாக எடுக்கும் வசதி உள்ள கேமரா என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அது இல்லை என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். என் மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவதானுங்க," என்றேன்.

அவர் எழுந்து நின்றார். என்னிடம் பேசியபோது அவர் எழுந்ததில்லை. "அம்மிணி, பொண்ணு வீட்டுக்காரங்க ரொம்ப நாளாக் கேக்கறாங்க. பொண்ணு அலங்காரம் பண்ற ரூமுக்குள்ள ஆம்பளை போக முடியறதில்ல. தையில இருந்து வர்றீங்களா?"

அவள் யோசித்தாள். என்னைப் பார்க்கவில்லை. "வர்றனுங்க. ஆனா இவுரும் வரோணும்."

"இவுருக்கு என்னங்க வேலை?"

"பையைத் தூக்கறதுக்கு ஆள் வேணுமில்லீங்களா?"

தை மாதம் முதல் முகூர்த்தம் காரமடையில். நல்ல வெயில். நான் ஒரு தோளில் பையும் ஒரு கையில் ஃப்ளாஷுமாக, மணப்பெண் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க ஆருங்க?" என்றார்.

"போட்டோக்காரம்மாவோட ஊட்டுக்காரனுங்க."

"அடடா, அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா!" என்று சொல்லி என்னை முதல் பந்தியில் உட்காரவைத்தார்.