தப்பு ரிசல்ட்டைத் திருத்தக் கடம்பூர் மலைக்கு

கடம்பூர் மலைக்குப் பலரும் குளிருக்காகப் போவார்கள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் போனது, என் தவறால் ஒருவர் செத்துப்போயிருப்பாரோ என்ற பயத்தில்.

கோவையில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவில் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. புதர்களில் இருக்கும் சிறு உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் புது டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் ஆய்வு. அன்று காலை ஆறு மணிக்குச் சத்தியமங்கலம் பகுதிப் பட்டியலைத் திறந்ததும் தவறு தெரிந்தது. நான்கு நாள் முன்பு பெயர்களை மட்டும் அகரவரிசைப்படுத்தியிருக்கிறேன். பக்கத்திலிருந்த ரிசல்ட்டுகள் நகரவில்லை. அதில் நோய் இருந்த ஒரே ஆளான, கடம்பூர் மலையில் வசிக்கும் பழனியம்மாளுக்கு (பெயரை மாற்றியிருக்கிறேன்) 'இல்லை' என்று போயிருந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் தீரும். தாமதித்தால் உயிர் போகலாம். அவர் போன் அணைந்திருந்தது. குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காந்திபுரத்தில் 7.10க்குப் பஸ். எழுபது கிலோமீட்டர், சத்தியமங்கலத்தில் இறங்கும்போது 9.20. பத்து மணிக்கு மலை பஸ். பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது.

"ஏனுங்க அம்மணி, எறங்கிப்போடாதீங்க. ஆனை நிக்குது," என்றார் கண்டக்டர்.

"அவசரமுங்க..."

"அதுக்கு அவசரமில்லீங்களே!"

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். முப்பத்தைந்து நிமிடம். யானையைப் பார்த்து எனக்குத் துளிப் பயமும் வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

கடம்பூரில் பழனியம்மாள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "ஊட்டுல ஆருமில்லீங்க. நேத்தே ஆட்டோவுல தூக்கிப்போட்டுட்டுக் கீழ பெரியாஸ்பத்திரிக்குப் போய்ட்டாங்க. நெனவே இல்லீங்க," என்றார். நான் காலையில் பஸ் மாறிய சத்தியமங்கலம்தான்.

மாலை 3.30க்கு வார்டுக்குள் நுழைந்தேன். பழனியம்மாள் கண் திறந்து படுத்திருந்தார். அங்கிருந்த டாக்டர் என் ரிப்போர்ட்டை ஓரம் வைத்துவிட்டு, உடம்பைச் சோதித்து, அக்குளில் உண்ணி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கைக் கண்டு, உடனே மருந்து தொடங்கியிருந்தார்.

"அக்கா, அந்த ரிப்போர்ட்ட மாத்தி அனுப்பினது நான்தானுங்க."

"ஒண்ணுமில்லைன்னு வந்துச்சேன்னு மூணு நாள் ஊட்டுலயே கெடந்தேன் கண்ணு." பிறகு, "என்னையாட்டவே வேற ஆருக்காச்சும் மாறிப்போச்சா?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து மற்ற ஊர்ப் பட்டியல்களையும் திறந்தேன். மதுக்கரைப் பட்டியலிலும் அதே தவறு. ஒரு லாரி ஓட்டுநர். போனை எடுத்தார். காய்ச்சல் விடவில்லை என்றார். அன்று மாலையே மருந்து தொடங்கியது. இருவரும் இன்று நலம். பழனியம்மாள் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸையே பிடியுங்கள், புதரோரம் உட்காராதீர்கள், திரும்பியதும் உடம்பில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தும் காய்ச்சல் விடவில்லையென்றால் மறுபடி டாக்டரிடம் போங்கள். அந்தத் தாளை அனுப்புவது என்னைப் போன்ற ஒருத்திதான்.