மெழுகுக் கட்டியோடு திருவனந்தபுரம்

2014 மே மாதம். கல்லீரல் புற்றுநோய்க்காக எனக்கு மாற்று ஈரல் வைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தன் ஈரலில் பாதியைக் கொடுத்தவள் என் மனைவி செலின். நோய் திரும்புமா என்பதுதான் இருவருக்கும் பயம். வெட்டியெடுத்த பழைய ஈரலில் இருந்த கட்டியின் மரபணு அடையாளங்களைப் பார்த்தால், திரும்பும் வாய்ப்பு அதிகமா குறைவா என்று ஓரளவு சொல்லலாம் என்றார் டாக்டர். அந்தச் சோதனை திருவனந்தபுரத்தில்.

கட்டியின் துண்டை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருப்பார்கள். சோதனைக்குத் தகுந்தது இது ஒன்றுதான் என்று சொல்லி, அறுவை செய்த கொச்சி ஆஸ்பத்திரியில் என் மச்சினனிடம் கொடுத்தனுப்பினார்கள். கடியப்பட்டணத்தில் முப்பது வருடமாக மீன் வியாபாரம் எனக்கு. சதை என்றால் ஐஸ். யாரையும் கேட்கவில்லை. தெர்மகோல் பெட்டியில் கீழேயும் மேலேயும் ஐஸ் போட்டு, நெய்மீன் அனுப்புகிற மாதிரியே கட்டினேன்.

காலை ஆறரைக்கு செலினோடு டாக்சி. ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டர். போக வர 2,200 ரூபாய். திங்கள்நகர், தக்கலை வழியாக மார்த்தாண்டம் வந்து டீக்கு நிறுத்தினோம். லேபுக்குப் போன் போட்டு, ஐஸில் பத்திரமாக வருகிறது என்று பெருமையாகச் சொன்னேன். "ஐஸா? தண்ணி உள்ளே போச்சா?" என்று அங்கே ஒரு பெண் கேட்டதும் டீயை அப்படியே வைத்துவிட்டுக் காருக்கு ஓடினேன்.

ரோட்டோரத்தில் பெட்டியைத் திறந்தோம். சுற்றியிருந்த மூன்று பிளாஸ்டிக் கவரையும் தாண்டித் தண்ணீர். ஒட்டியிருந்த காகிதத்தில் மை கரைந்து, என் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

"சாளை மீனுக்குப் போடுத ஐஸ இதுக்குமா போடுவிய?" என்றாள் செலின். "ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"அழுவிப் போவும்னு நெனச்சேன், பிள்ளே."

"அழுவுனதுனாலதான வெட்டி எடுத்தாவ!"

டிரைவர் ஆன்றனி சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "வெயில்ல வைக்காதிய மொதலாளி, மெழுவு உருவிரும்" என்று ஏசியை முழுசாகக் கூட்டினான். களியக்காவிளை நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். முந்தானையால் துடைத்த மெழுகுக் கட்டியை ஏசிக் காற்றுக்கு நேராகப் பிடித்தபடியே இருந்தாள் செலின்.

லேபில் அந்தப் பெண் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "பேடிக்காதீங்க சேட்டா, பயப்பட ஒண்ணுமில்லே. மெழுகுக்குள்ளே தண்ணி போகாது. இதை மெல்லிசா வெட்டும்முன்னே நாங்களும் ஐஸிலேதான் வைப்போம். காகிதம் போனா என்ன, நம்பர் கூட்டிலேயே இருக்கு."

அப்போதுதான் செலின் உட்கார்ந்தாள்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஐஸ் வேண்டாம், வெயிலும் வேண்டாம், உலர்ந்த டப்பா போதும். எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். இரணியலில் ரயில் ஏறினால் செலவு குறையும். முக்கியமாக, கிளம்பும் முன் லேபைக் கேளுங்கள்; தெரிந்த தொழில் எல்லா இடத்திலும் உதவாது.

மூன்று வாரம் கழித்து முடிவு வாங்கப் போனோம். திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ள வகை. வாய்ப்புதான், தீர்ப்பு இல்லை என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்கொரு ஸ்கேனை மூன்று மாதத்துக்கு ஒன்றாக்கினார். லேபில் மீதி மெழுகுக் கட்டியையும் கையில் கொடுத்திருந்தார்கள். அனுப்பிய சரக்கு திரும்பி வந்தால் நான் ஏற்பதில்லை. ஆனால் பின்னால் இன்னொரு சோதனைக்குத் தேவைப்படலாமாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடியப்பட்டணம் வந்து சேரும்வரை, உருகிவிடவில்லையே என்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.