ஐந்தாம் கட்டிலின் திரை

போன வருடம் நோன்பு மாதம். வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் தாதியாக இருந்தேன். நோயாளிகளின் சமய வழக்கங்களை மதிப்பது பற்றி எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்து முடிந்திருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாத வழக்கமே உலகத்தில் இல்லை என்ற நினைப்பு எனக்கு.

ஐந்தாம் கட்டிலில் கிராண்ட்பாஸிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர். ஆறாம் கட்டிலில் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க ஐயா. இருவருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு.

பெரியவர் நோன்பாகத்தான் இருப்பார் என்று நானே முடிவு கட்டினேன். கேட்டால் மனம் நோகுமே என்று கேட்கவில்லை. அவருக்குப் பகல் சாப்பாடு வேண்டாம் என்று சமையலறைக்கும் சொல்லிவிட்டேன். மத்தியானமானால் அவர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொள்வார். தொழுகிறாராக்கும் என்று, தரை துடைப்பவரைக்கூட வாயில் விரல் வைத்து அடக்கினேன். சீனி இறங்கிவிடுமோ என்ற பயத்தில் அடிக்கடி அவர் விரலைக் குத்திப் பார்த்தேன். இருநூற்றிருபது! நோன்பாளிக்கு எப்படி இவ்வளவு? மெஷினில்தான் பிழை என்று மெஷினை மாற்றினேன்.

ஆறாம் கட்டில் ஐயாவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இன்சுலின் போட்டு, சாப்பாட்டை முன்னால் வைத்தால், "ஓம் மிஸ், சாப்பிடுறன்" என்பார். நானும் போய்விடுவேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஐந்தாம் கட்டிலின் திரை படாரென்று விலகியது.

"மிஸ்! ஓடி வாங்க! இவரு ஒரு மாதிரி பேசுறாரு!"

கத்திய பெரியவரின் கையில் பாதி கடித்த ரோல்ஸ். பக்கத்துக் கட்டிலில் ஐயா வியர்வையில் தோய்ந்து, என்னைத் தன் தங்கச்சி என்று நினைத்து ஏதோ உளறிக்கொண்டிருந்தார். சீனி அடியோடு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, டொக்டரும் வந்து, அவர் தெளிவதற்குள் என் உயிர் போய் வந்தது. அவர் கட்டிலருகு லொக்கரைத் திறந்தால் அன்றைய சாப்பாடு அப்படியே இருந்தது.

"அவர் நோன்போட கிடக்கேக்க, பக்கத்தில இருந்து நான் எப்பிடி மிஸ் சாப்பிடுறது? பின்னேரம் சாப்பிடுவம் எண்டு வச்சனான்" என்றார் ஐயா.

பெரியவர் தலையில் கை வைத்தார். "அல்லாஹ்வே, நான் நோம்பே இல்லியே! டொக்டர் புடிக்க வேணாம்னு சொன்னாரு. ஆக்கள் பாக்கத் திங்க வெக்கம், அதான் திரைய இழுத்தேன். இங்க எனக்கு மட்டும் பகல் சாப்பாடும் வாறல்ல. அதான் மகள்ட சொல்லி ரோல்ஸ்..."

நான் சமையலறைக்கு ஓடி, ஐந்தாம் கட்டிலுக்கும் பகல் சாப்பாடு அனுப்பச் சொன்னேன்.

அடுத்த நாள் மத்தியானம் இரண்டு கட்டில்களையும் சுற்றி ஒரே திரை. உள்ளே இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது.

நோயாளியின் சமயத்தை எழுத எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தாலும், பக்கத்துக் கட்டில்காரருக்காகப் பட்டினி கிடப்பவரை எழுத இடம் இல்லை என்பதால், இன்றுவரை நான் எல்லாரிடமும் "சாப்பிட்டீங்களா?" என்று வாய் திறந்து கேட்டுவிட்டு, லொக்கரையும் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன்.