மகள் கழற்றி வைத்த சப்பாத்து

மெல்பேணுக்கு வந்த மூன்றாம் வருடம், விடுமுறைக்கு ஜப்பான் போனோம். கணவருக்குப் படம் பிடிப்பதென்றால் பைத்தியம். கோட்டை, கோயில் ஒன்றையும் விடமாட்டார்.

கியோட்டோவில் ஒரு பெரிய கோயில். வளவு முழுவதும் சின்னச் சின்னச் சந்நிதிகள். அங்கே வெளியில் நின்று கும்பிடுபவர்கள் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. எங்கள் நான்கு வயது மகள் வாணி மட்டும் ஒவ்வொரு சந்நிதியிலும் கழற்றினாள். "காலுறை ஊத்தையாகுது, கழட்டாதே பிள்ளை" என்று அதட்டிக்கொண்டே இருந்தேன்.

சிவப்பு வாசலின் முன் என்னை நிறுத்தி, "கொஞ்சம் சிரியும்" என்றார் கணவர். மகளின் கையை விட்டுச் சேலையைச் சரிசெய்தேன். இரண்டு படம் எடுத்து முடித்துத் திரும்பினால் பிள்ளையைக் காணவில்லை.

ஒரே சனக்கூட்டம். பெயரைச் சொல்லிக் கத்தியபடி ஓடினேன். ஒரு சந்நிதியின் படியோரம், ஒழுங்காகச் சேர்த்து வைத்த சின்னச் சப்பாத்துச் சோடி தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் வேறு யார் கழற்றுவார்கள்? தூணுக்குப் பின்னால் வாணி கைகூப்பி நின்றாள்.

"ஏன் பிள்ளை தனியப் போனனீ?"

"சாமி கும்பிட வந்தனான். சப்பாத்து கழட்டினதுக்கு ஏசாதேங்கோ அம்மா."

கட்டிப்பிடித்து அழுதேன். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பெண்மணி அவளுக்குத் தலை தாழ்த்தி வணங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது கணவர் கமெராவை எடுத்தாலே அவளின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். சேலை எப்படியும் இருக்கட்டும். வீட்டுக்கு வருபவர்களுக்கு அவர் ஆல்பத்தைத் திறந்து கோட்டைகளைக் காட்டுவார். நான் மகளைக் காட்டுவேன்.