மூன்று பங்கும் ஒரு பங்கும்

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியாகிக்கொண்டிருந்தது. ராயபுரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் நாங்கள் இரண்டு குமாஸ்தாக்கள். ஒருவர் குடும்பத்தோடு வெளியேறலாம், மற்றவர் கிடங்கிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. யார் என்பதை எங்களிடமே விட்டுவிட்டார்கள்.

என் மனைவிக்கு ஏழு மாதம். மீஞ்சூரில் அவளுடைய அத்தை வீட்டில் அவளோடு இருக்க நினைத்திருந்தேன். சக குமாஸ்தா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரும் மீஞ்சூரில்தான் அறை பார்த்திருந்தார். அங்கே அவருக்கு யாரும் இல்லை. மூன்று குழந்தைகள், மூத்ததற்கு ஆறு வயது.

பூவா தலையா போடலாம், தலை விழுந்தால் நான் போகிறேன் என்றேன். கிடங்குக் காவலாளி காசிமேட்டு மீனவர். அவர் ஒப்பவில்லை.

"இன்னா நைனா, அவுருக்கு மூணு, உனுக்கு ஒண்ணு. மீன் பங்கு வெக்க சொல்லோ, வலைக்காரனுக்கும் கூலியாளுக்கும் ஒரே பங்கா வெப்பாங்க?"

"அந்த ஒண்ணும் இன்னும் வெளிய வரலயே," என்றார் சக குமாஸ்தா.

"வயித்துல கீறதும் பங்குதான், சாமி."

மீனைக் கூறு போடலாம். ஊரைவிட்டுப் போவதைக் கூறு போட முடியாது. வாய்ப்பைக் கூறு போடலாம் என்று எனக்குத் தோன்றியது. காலணாவை இரண்டு முறை சுண்டினால் நான்கு விதமாக விழும்: தலை தலை, தலை பூ, பூ தலை, பூ பூ. நான்குக்கும் ஒரே வாய்ப்பு. இரண்டும் தலையானால் நான் போவேன். மற்ற மூன்றில் எது வந்தாலும் அவர். இருவரும் சம்மதித்தோம்.

காவலாளி சுண்டினார். தலை.

"என்னவே இது?" என்று சக குமாஸ்தா எழுந்துவிட்டார். "மூணு பங்கு எனக்குன்னு சொன்னீரு. இப்ப சரிபாதியா ஆயிட்டே! மொதல்லருந்து போடும்."

சரிபாதி ஆனது உண்மைதான். அது ஏமாற்று இல்லை என்பதும் உண்மை. முதல் காசு பூ விழுந்திருந்தால் அப்போதே முழுப் பங்கும் உங்களுக்கு வந்திருக்கும் என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

"பூ வுழுற வரைக்கும் மொதல்லருந்து போட்டுகினே இருக்கலாமா, சாமி? கம்முனு குந்து," என்று சொல்லிக்கொண்டே காவலாளி சுண்டிவிட்டார்.

பூ.

சக குமாஸ்தா குனிந்து காசை எடுத்து, வேட்டியில் துடைத்துக் காவலாளியிடம் கொடுத்தார். "ஒம்ம வீட்டம்மாவ எங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன் வே," என்றார்.

மறுநாள் காலை வண்டி எர்ணாவூர் வழியாகப் போனது. நான் கிடங்கைத் திறந்தேன்.

எங்கள் பக்கம் குண்டு எதுவும் விழவில்லை. குழந்தை மீஞ்சூரில் குறைமாதத்தில் பிறந்து, மூன்றாம் நாள் போய்விட்டது. செய்தி எனக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றும் கிடங்கைத் திறந்தேன், மூட்டைகளைச் சரிபார்த்தேன். கணக்கில் பிழை வரவில்லை.

மனைவி திரும்பி வந்த பிறகு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே காசு போட்ட விதத்தைக் கேட்டாள். சொன்னேன்.

"ஒரே தடவை போட்டிருந்தா?"

"தலை."

"நீங்க வந்திருப்பீங்க."

"ஆமாம்."

அவள் முறத்தை ஒருமுறை தட்டினாள்.

"அவங்க கடைசிப் பொண்ணு அந்த மூணு நாளும் என் பக்கத்தை விட்டு நகரவே இல்லை," என்றாள்.